தொரோத்தாவின் கெண்டை

போஹேமியாவில் எங்கள் கோட்டையூருக்கே ரொட்டி சுட்டவள் தொரோத்தா. கணவனைப் புதைத்த மறுநாளே அடுப்பை மூட்டியவள். நான்கு பெண்களை அந்தச் சூட்டிலேயே வளர்த்து ஆளாக்கினாள். அவள் சுடும் கறுப்பு ரொட்டியின் மேல் ஒரு கெண்டை மீன் முத்திரை இருக்கும். எங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆண்ட ராதோவர் வம்சத்தின் கேடயத்திலும் அதே கெண்டைதான்.

கடைசி ராதோவர் பிரபு வாரிசில்லாமல் இறந்தார். வழக்கப்படி அவர் கேடயத்தை உடைத்துச் சவப்பெட்டியோடு புதைத்தோம். கோட்டைக்குப் புதிய பிரபு வந்தார். அவருடைய காரியக்காரர் கோட்டை வாசலில் இருந்த கல் கெண்டையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, நேரே தொரோத்தாவின் கடைக்கு வந்தார்.

“ரொட்டியில மீன் பதிக்கிற அந்த அச்சைக் குடும்மா. அந்தக் குலமே போயிருச்சு, அவங்க மீன் மட்டும் எதுக்கு?”

தொரோத்தா மாவுக் கையை இடுப்பில் ஊன்றினாள்.

“யாரோட மீன் ஐயா அது? அவங்க குலத்துல மொத ஆளு, குதிரைகூட இல்லாம, பசியோட இந்த வாசல்ல வந்து நின்னாரு. எங்க வீட்டுப் பொம்பளதான் ரொட்டி குடுத்தா. தின்னுட்டு, அதுல இருந்த கெண்டையத்தான் கேடயத்துல வரைஞ்சுக்கிட்டாரு. அவங்க குலம் முடிஞ்சிருக்கலாம், எங்க அடுப்பு அணையல. ரொட்டி வேணும்னா வாங்குங்க, இல்லன்னா வழிய விடுங்க!”

வரிசையில் நின்ற நாங்கள் சிரித்த சிரிப்பில், அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அச்சு இன்று அவள் மூத்த மகளின் கையில் இருக்கிறது.

தொரோத்தா சொன்னது நிஜமா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டவனுக்கு ரொட்டி கிடைக்காது.