தம்பிக்கு ஊற்றாத தண்ணீர்

ஞானோபதேசப் பாடத்தில் எங்கள் ஊரில் நான்தான் முதல் பரிசு. பெரிய போட்டி ஒன்றும் இல்லை. மாரண்டஹள்ளிக்குச் சற்றுத் தள்ளி மொத்தமே இருபது கிறிஸ்தவ வீடுகள், படித்தது ஏழு பிள்ளைகள், அதில் இரண்டு பேருக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். இருந்தாலும் பரிசு பரிசுதானே. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் உபதேசியார்தான். அதனால் ஒரு பாடத்தை மட்டும் எங்கள் மண்டையில் அடித்து இறக்கியிருந்தார். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும், குழந்தைக்கு உயிர் இருக்க வேண்டும். நான் ஆட்டுக்குட்டிகளை வைத்துப் பழகினேன். எங்கள் வீட்டுக் குட்டிகள் அத்தனையும் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் கறிக்குப் போயின.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதானபோது, தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவே அம்மாவுக்கு மூன்று தடவை கரு தங்காமல் போயிருந்தது. அவன் பிறந்த ஐந்தாம் நாளே சாமியார் வந்தார். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயார். அம்மாதான் தடுத்தாள். கோலார் தங்கவயலில் வேலை செய்த என் மாமா வந்துதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டுமாம். "அடுத்த மாசம் வெச்சுக்கலாங்க. சாமி எங்க ஓடியா போயிடுவாரு?" என்றாள்.

சாமியார் ஓடிப்போகவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் தம்பிக்கு ஜன்னி கண்டது. நர்சம்மாவை அழைத்துவர அப்பா சைக்கிளில் மாரண்டஹள்ளிக்கு விரைந்தார். வெந்நீர் போட அடுப்படிக்குப் போன அம்மா, "தம்பியப் பாத்துக்கடி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவன் வீல்வீலென்று கத்தினான். நான் தூளியை ஆட்டினேன், பாடினேன், கெஞ்சினேன். பிறகு அழுகை நின்றது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்துப் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி ஆட ஆரம்பித்தேன். ஒரு ஆட்டம் முடிந்து இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து தூளியை விலக்கிப் பார்த்தாள்.

மத்தியானம் உபதேசியார் வந்தார். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கள்ளி வேலி உண்டு. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தைகளுக்கு மோட்சம் கிடையாது என்று வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத்தான் அதைச் சொன்னார். துக்கம் கேட்க வந்திருந்த பக்கத்துக் காட்டு ஆத்தா வேறு சாமி கும்பிடுகிறவர். "பச்ச மண்ணுங்க அது. அதுக்கு உள்ள என்ன, வெளிய என்னங்க?" என்றார்.

அம்மாவுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. கடைசி நாளில் செத்தவர்கள் எல்லோரும் உடம்போடு எழுந்து வருவார்கள் என்று நம்பினவள் அவள். நாளைக்குப் பொழுது விடியும் என்று மற்றவர்கள் நம்புவதுபோல நம்பினாள். தன் அப்பனும் ஆயியும் எந்தக் குழியிலிருந்து எழுந்து எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். "எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க. எம் புள்ள மட்டும் அங்கியே கெடப்பானா? நாந்தானே வேணாமின்னேன். பாவி நாந்தானே" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. அப்பா பிடிக்கவில்லை. அவருக்கும் அவள்மேல் அந்தக் கோபம் இருந்தது.

நான் அந்த ரத்தத்தைப் பார்த்தேன். "நான் தண்ணி ஊத்தனங்க" என்றேன்.

உபதேசியார் என்னைப் பக்கத்தில் அழைத்தார். எப்போது ஊற்றினாய், என்ன சொல்லி ஊற்றினாய் என்று கேட்டார். முதல் பரிசுக்காரி அல்லவா, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

"உசுரு இருந்துச்சா கண்ணு? நல்லா நெனச்சுச் சொல்லு."

"இருந்துச்சுங்க. தண்ணி பட்டதும் கண்ணத் தொறந்து பாத்தானுங்க."

"என்ன பேரு வெச்ச?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. போன வாரம் அவர் சொன்ன கதையில் கல்லறையை விட்டு வெளியே வந்தவரின் பெயர் வாயில் வந்தது. "லாசருங்க" என்றேன். உபதேசியார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், உள்ளே குழி வெட்டச் சொன்னார்.

அம்மா அன்றைக்கே எழுந்து முகம் கழுவினாள், சாயங்காலம் இரண்டு வாய் களி தின்றாள். அதற்குப் பிறகு அவள் தம்பிக்காக அழுது நான் பார்த்ததே இல்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, "இந்நேரம் ரெண்டாவது படிப்பான்" என்பாள். அடுத்த வருஷம் மூன்றாவது என்பாள். மழை தப்பிக் கேழ்வரகு கருகின வருஷம் ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதும், அவள் மட்டும் போகிற பயணத்துக்குச் சீட்டு வாங்கி வைத்தவள் மாதிரி நடமாடினாள். அப்பாவும் அவளோடு பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குக் குழம்பில் கறித்துண்டு எப்போதும் ஒன்று கூடுதலாக விழும். "எம் மவனுக்கு மோச்சத்தத் தொறந்துவுட்டவடி இவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அந்தத் துண்டை நான் யாரும் பார்க்காதபோது நாய்க்குப் போட்டுவிடுவேன்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பதோடு நிற்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது நிலக்கடலை திருடியதைச் சொன்னேன், அப்பாவை எதிர்த்துப் பேசியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. சொன்னால் குழியைத் தோண்டி அவனை வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். சொல்லாமலே நாக்கை நீட்டி நற்கருணை வாங்கினேன். இப்போதைய சாமியார்கள், அப்படியெல்லாம் இல்லையம்மா, ஞானஸ்நானம் இல்லாவிட்டாலும் கடவுள் குழந்தைகளைக் கைவிடமாட்டார் என்கிறார்கள். நல்லவர்கள். அவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியில் முறுக்கிக்கொண்டாலும் அவள் முகத்தில் பயம் இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று வியந்தார்கள். கடைசி வாரம் ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிச்சதும் மொதல்ல அவனத்தான் தூக்குவன். அவனுக்கு என்னய அடையாளம் தெரியுமாடி?"

இப்போதாவது சொல்லிவிடடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? "தெரியும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். இரண்டு நாளில் போய்விட்டாள். கள்ளி வேலிக்குள் அவனுக்குப் பக்கத்திலேயே அடக்கினோம்.

ஊரில் எல்லோரும் செத்தவர்கள் எழுந்து வரும் அந்தக் கடைசி நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று செபிக்கிறார்கள். நானும் முழங்காலில் நின்று, அது வரவே கூடாது என்று செபிக்கிறேன். ஒன்பது வயதில் எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது, அம்மா தலையை முட்டிக்கொள்ளக் கூடாது. செத்துப்போன தம்பி எழுந்து வந்து என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தைரியமாக இருந்தேன். அம்மாவும் ஒருநாள் எழுந்து நின்று, பக்கத்தில் தம்பியைத் தேடிக் கையை நீட்டித் துழாவிவிட்டு, வெறுங்கையோடு என் பக்கம் திரும்புவாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.