வாசல் வைக்காத மியூசியம்

எங்கள் செம்பூர் கட்டடத்துக்கு மேல்பூச்சு நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஈரச் சிமெண்ட் வாசனை. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அறுபதுகளில் வந்த கோபம், இன்னும் ஆறவில்லை.

அப்போது நான் மாட்டுங்காவிலிருந்து ரயில் பிடித்து ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பென்சிலில் போட்ட வரைபடங்களை மையால் நகலெடுக்கும் வேலை. என் புடவைத் தலைப்பில் எப்போதும் இங்க் கறை. பெண் பார்க்க யாராவது வந்தால் அம்மா அதை மடித்துச் செருகிவிடுவாள். அதை விடுங்கள், சொல்ல வந்தது மியூசியத்தைப் பற்றி.

செம்பூருக்கு அப்பால் ஒரு குன்று. அதன் உச்சியில் ஓவியங்களுக்கென்று தனித்தனிக் கூடங்கள், நடுநடுவே முற்றங்கள். சுவரெல்லாம் வெறும் கான்கிரீட், பூச்சே கிடையாது. பலகை அடைத்து வார்த்துப் பிரித்தால் மரத்தின் ரேகை அப்படியே பதிந்திருக்கும். அதுதான் அழகு என்றார் எங்கள் ஆர்க்கிடெக்ட். சாயங்கால வெயிலில் ஒருநாள் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஜல்லியையும் சிமெண்டையும் தலையில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிப் பெண்கள். அவர்களில் இசக்கி பெரிய வாயாடி. முன்சுவர்ப் பலகையைப் பிரித்த அன்று மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து, நிலை எங்கே என்று கேட்டாள். நிலைக்குப் பூசை போடாமல் அவள் கைபட்ட எந்தக் கட்டடமும் எழும்பியதில்லையாம். இங்கே நிலையும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு சுவருக்கு நடுவே அகலமாக ஓர் இடைவெளி, அவ்வளவுதான். ஆர்க்கிடெக்ட் சிரித்துக்கொண்டே சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்: இதற்கு வாசலே கிடையாது, யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே நடந்து வரலாம். இசக்கி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓரத்துச் சுவரிலேயே மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். இருக்கட்டும் என்றார் அவர்.

திறப்பு விழா அன்று அந்த இடைவெளியில் கயிறு கட்டி வாட்ச்மேன்கள் நின்றார்கள். இசக்கியும் மற்றவர்களும் பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். அழைப்பு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லையாம். இசக்கி வாட்ச்மேனை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள்.

"வாசலே கெடையாதுன்னு சொன்னியளே தாயி, இப்ப எந்த வாசல்ல நிப்பாட்டுதாவ?"

மியூசியக் கமிட்டிச் செயலாளரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். இவர்களுக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. ஆர்க்கிடெக்ட் கழுத்து மாலையோடு வெளியே வந்தார், கையைப் பிசைந்தார், உள்ளே போய்விட்டார். எல்லோருக்குமான கட்டடம் என்று மேடையில் வேறு பேசினார்.

அதோடும் விடவில்லை. மஞ்சள் கண்ணை உறுத்துகிறது என்று மறுவாரம் தேய்க்கச் சொன்னார்கள். கான்கிரீட் குடித்த மஞ்சள் போகுமா? கடைசியில் அந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசி மறைத்தார்கள். பூச்சே இல்லாத கட்டடத்தில் அந்த ஒரே திட்டு. பிறகு எப்போது போனாலும் படங்களுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். இதென்ன என்று யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, இசக்கி கதையைச் சொல்லிவிடுவேன்.

போன மாதம் கோபர்கைரனேயில் இருக்கும் தம்பி மகன் காரில் அங்கே அழைத்துப் போனான். மொத்தச் சுவரையும் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பாவிகள். மரத்தின் ரேகையும் இல்லை, அந்தத் திட்டும் இல்லை. சுவரைத் தடவித் தடவித் தேடினேன்.

"என்ன தேடறேள் அத்தை?" என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன். எந்த இடத்தைக் காட்டிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.