கண்ணாடி வீட்டுக்குள் ஆத்தா வைத்த சுவர்

என் பிள்ளைப்பருவத்துக் காலைகளுக்குத் தேங்காயெண்ணெய் வாசனை. எங்கள் வீட்டின் முன்பக்கக் கண்ணாடியில் ஊரார் முந்தின நாள் பதித்துவிட்டுப் போன எண்ணெய் நெற்றிகளையும் மூக்குகளையும் பழைய பேப்பரால் துடைத்தெடுப்பது என் வேலையாக இருந்தது.

கீரமங்கலத்தில் ஒரு கோடையில் பொருட்காட்சி போட்டார்கள். இனிமேல் மக்கள் இப்படித்தான் வாழப்போகிறார்கள் என்று காட்டுவதற்காக, தட்டையான கான்கிரீட் கூரையும், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியுமாக, நின்றுகொண்டே சமைக்கிற மேடையை ரோட்டைப் பார்க்க வைத்து ஒரு "மாதிரி வீடு" கட்டினார்கள். பந்தல் பிரித்த பிறகு அதை ஏலம் விட்டபோது, "கண்ணாடிக்குள்ள எவன் குடும்பம் நடத்துவான்" என்று ஊரே ஒதுங்கிக்கொள்ள, அங்கே வயரிங் வேலை பார்த்த அப்பா சல்லிசாக எடுத்துவிட்டார்.

பொருட்காட்சி முடிந்த சங்கதி வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு மட்டும் எட்டவேயில்லை. கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒருவர், "இந்த வீட்டுலயும் கஞ்சிதானா" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் அவள் செம்புறாங்கல்லைக் கூடையில் சுமந்துவந்து, மண்ணைக் குழைத்து, அடுப்படிக் கண்ணாடிக்கு உட்புறமாகக் கழுத்தளவுக்குச் சுவர் எழுப்பத் தொடங்கினாள். வீட்டின் அழகே போச்சு என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பாக்குறதுக்கு மிச்ச வீடு இருக்குல்லங்க, பாக்கட்டும். என் புள்ள திங்கிறத எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

இப்போது கூரையில் கம்பி துருத்திக்கொண்டு ஒழுகுகிறது. போன மாதம் சென்னையிலிருந்து பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற குழுவினர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், எங்கள் வீட்டை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். கூரையை அவர்கள் செலவிலேயே பழுது பார்ப்பார்களாம்; ஆனால் சுவரை இடித்து, பொருட்காட்சியில் இருந்தபடியே ஆக்கிவிட வேண்டுமாம். அன்றைக்கு எடுத்த போட்டோவையும் காட்டினார்கள். அதில் வீடு பளபளவென்று இருந்தது, உள்ளே ஆள் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொருட்காட்சி ஒரு கோடையோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் பிழைப்பு.

ஆத்தாவுக்குக் காது மந்தம். விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். அவள் அவர்களைப் பார்த்து, "அந்தச் செவரு வீட்டுல சேத்தி இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

அவர்கள் கையெழுத்துக்குக் கொடுத்திருந்த சம்மதப் பத்திரத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். "செவரோட சேத்துத்தாங்க வீடு. அதுக்குச் சம்மதம்னா எப்ப வேணும்னாலும் வாங்க. இல்லாட்டி டீ குடிச்சிட்டுப் போங்க." டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பொருட்காட்சித் திடல் தென்னந்தோப்பாகி, அந்தத் தோப்பும் புயலில் போய்விட்டது. கண்ணாடியில் மூக்கைப் பதிக்க இப்போது யாரும் வருவதில்லை. மழை பெய்தால் அடுப்படியில் ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைக்கிறேன். பக்கத்திலேயே, சுவரோரமாக, யார் கண்ணிலும் படாமல் ஆத்தா கஞ்சி குடிக்கிறாள்.