பௌர்ணமியில் பாதி வந்த அப்டேட்

பௌர்ணமி அன்று என் கடைக்கு யாரும் கம்ப்யூட்டர் கொண்டுவர மாட்டார்கள். திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தால் செங்கம் ரோட்டில் அன்றைக்கு வண்டி கிடையாது, கால்கள் மட்டும்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நடந்து வருகிறவர்களுக்கு ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அதனால் அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெரியவர் குனிந்து உள்ளே நுழைந்ததும், “தண்ணி வெளிய இருக்குங்க” என்றேன்.

“தண்ணி விஷயமாத்தாம்பா வந்திருக்கோம்” என்றார்.

பின்னாலேயே அவருடைய மருமகள் வந்தார். கையில் துண்டில் சுற்றிய லேப்டாப். அந்தத் துண்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடி அண்ணாமலையில் பயிர் வைக்கிற குடும்பம். மருமகள் சிவில் டிப்ளமோ படித்தவர், கல்யாணத்துக்கு முன்பு சர்வே வேலையில் படம் வரைந்தவர். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, நில வரைபடம் போடுகிற இலவச மென்பொருளெல்லாம் வேண்டும் என்று கேட்டபோது, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஆக, அந்த மெஷினுக்கு ஒன்று என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

“அண்ணா, மூணு மணிக்கு மீட்டிங். புரொஜெக்டர்ல எதுவுமே வரமாட்டேங்குது” என்றார்.

என்ன மீட்டிங் என்பதை மாமனார் சொன்னார். கிரிவலத்துக்கு வருகிற பஸ்களை நிறுத்த ஊர்க் கடைசியில் இடுப்புயரம் மண் கொட்டி ஒரு மைதானம் போடப் போகிறார்கள். அந்த இடத்தின் நடுவேதான் மலையிலிருந்து இறங்குகிற ஓடை போகிறது. அதுதான் இவர்கள் ஏரிக்குத் தண்ணீர். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் நடவு. திங்கட்கிழமை மண் லாரி வருகிறது.

“எத்தனை தடவ சொல்லிட்டோம். வர்ற ஆபீசருங்கல்லாம் வெயில் காலத்துலதான் வர்றாங்க. ‘எங்கய்யா தண்ணி, இது காஞ்ச பள்ளம்தானே’ங்கறாங்க. மழையைப் பையில போட்டா எடுத்துட்டுப் போய் காட்ட முடியும்?”

காட்ட முடியும் என்று இறங்கியவர் அந்த மருமகள். நிலமெல்லாம் நடந்து மேடுபள்ளம் அளந்து, மலையும் ஓடையும் ஏரியும் அப்படியே இருக்கிற மாதிரி லேப்டாப்புக்குள் ஒரு ஊரைச் செய்து, அதன்மேல் மழை பெய்யவிட்டிருந்தார். மைதான வேலையைப் பார்க்கிற பொறியாளர் பௌர்ணமி ஏற்பாடுகளைப் பார்க்க எப்படியும் இந்தப் பக்கம் வருவார், அன்றைக்கே பேசிவிடலாம் என்று ஊரில் முடிவு செய்திருந்தார்கள். பௌர்ணமி அன்று செல்போன் டவர் என்ன பாடுபடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மெஷினைத் திறந்தேன். அதன் சொந்தத் திரையில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. கடையிலிருந்த மானிட்டரின் ஒயரைச் செருகினால் ஒன்றுமில்லை. விஷயம் இதுதான்: அந்த லேப்டாப்பில் படம் காட்டுகிற சிப் இரண்டு. ஒன்று சின்னது, கரண்ட் கம்மியாக எடுத்துக்கொண்டு அன்றாட வேலையைப் பார்க்கும். மற்றது பெரியது, பாரமான வேலை வந்தால்தான் எழுந்திருக்கும். வெளித்திரை ஒயர் செருகுகிற துளை பெரிய சிப்போடு மட்டுமே இணைந்திருக்கிறது. பெரியது படுத்துவிட்டால் வெளியே ஒரு புள்ளிகூட விழாது.

இதை நான் சொன்னதும் பெரியவர், “அப்போ வீட்டுக்குள்ள நல்லா பேசுறான், சபையில வாய் தொறக்க மாட்டேங்குறான்” என்றார். பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு சிப்பும் பட்டியலில் இருந்தன. சின்னதுக்குக் கீழே அதை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளின் பெயர் இருந்தது. பெரியதுக்குக் கீழே வெறுமை. உயிர் இருக்கிறது, ஓட்டுகிறவர் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என் கை தானாக ஒரு காரியம் செய்யும்: டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு, புதிதாக இறக்கிப் போடுவது. நீக்கச் சொல்லும் வரியை அடித்துவிட்டேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

“அண்ணா, நெட் சுத்தமா இல்லையே. எடுத்துட்டா திரும்ப எங்கருந்து வரும்?”

விரல் அந்தரத்திலேயே நின்றது. என் செல்போனைப் பார்த்தேன். டவர் கோடுகள் முழுசாக இருந்தன, ஒரு எழுத்து உள்ளே வரவில்லை. மலையைச் சுற்றி அத்தனை லட்சம் பேர், அத்தனை பேர் கையிலும் போன். அந்த என்டரைத் தட்டியிருந்தால் அன்றைய மீட்டிங்குக்கு நானே மண் கொட்டியிருப்பேன். அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

“நேத்து என்னம்மா பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். “அப்டேட் பண்ணேன்ணா. பெரிய மனுஷங்க வர்றாங்கன்னா வீடு வாசல் கழுவி விடுவோமில்ல? அந்த மாதிரி இதையும் சுத்தமா வெச்சுக்கலாம்னு. போன்ல இருந்து நெட் குடுத்தேன். சாயங்காலமே கூட்டம் வந்துடுச்சு, பாதியில நெட் போச்சு. சிலது வரலைன்னு சொல்லிச்சு. வராததை விட்டுட்டு வந்ததை மட்டும் போட்டுக்க ஒரு வழியும் அதுவே எழுதிக் காட்டிச்சு. அதையே அடிச்சேன். ரேஷன் கடையில பருப்பு வரலைன்னா அரிசிய மட்டும் வாங்கிட்டு வர்றதில்லையா?”

“நல்லா வாங்கின போ” என்றார் மாமனார். மருமகள், “மாமா!” என்றதும் அவர் குடத்துத் தண்ணீரைக் குடிக்க வெளியே போய்விட்டார்.

இந்த மெஷின்களிடம் எனக்குப் பிடித்த குணம், எதையும் மறைக்காது. என்ன வந்தது, என்ன வரவில்லை, எத்தனை மணிக்கு என்று ஒரு பதிவு எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்தேன். புதிய கர்னல் வந்திருந்தது. கர்னல் என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து மெஷினை நடத்துகிற மென்பொருள். பெரிய சிப்பின் டிரைவரோ, ஒவ்வொரு கர்னலின் உடம்புக்கும் தனியாக அளவெடுத்துத் தைக்கிற ரவிக்கை மாதிரி. அந்த அளவுகள் தனிக் கோப்புகளாக வரும். நேற்று மாலை வராமல் போனது அவைதான். புது ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்கு அளவு வரவில்லை, தையல்காரர் துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வரியைத் தட்டினேன். எந்தெந்தக் கர்னலுக்கு டிரைவர் தைத்து வைத்திருக்கிறது என்று அது சொல்லும். புது எண்ணுக்கு எதுவுமில்லை. ஆனால் பழைய எண் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘நிறுவப்பட்டது’ என்று போட்டிருந்தது. புதியது வந்தபின்னும் அந்தப் பழைய கர்னலை மெஷின் துரத்திவிடவில்லை. வீட்டின் பின்கட்டில் உட்காரவைத்து, டிரைவரையும் கூடவே வைத்திருந்தது.

எனக்குத் தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் அந்த நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புதியது வந்தால் பழையதை உடனே அழிக்காதே என்று எந்த ஊரிலோ யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதி வைத்திருக்கிறார். அவரும் ஒரு நாள் இப்படி மாட்டிக்கொண்டு தவித்திருக்க வேண்டும். திருவண்ணாமலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஏரியும் தெரியாது, ஓடையும் தெரியாது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய கர்னலில் எழுப்ப, மெஷின் கிளம்புகிற நொடியில் ஒரு விசையைத் தட்டிப் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாம் தடவை பதற்றத்தில் தட்டோ தட்டென்று தட்டியதில் பட்டியலையும் தாண்டிப் போய், கறுப்புத் திரையில் கட்டளைக்குக் காத்திருக்கிற ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்றது.

திரும்பி வந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, உள்ள பேச்சும் நின்னு போச்சா?”

“கொஞ்சம் இருங்க, கை ஜாஸ்தியா பட்டுடுச்சு.”

மூன்றாம் தடவை பட்டியல் வந்தது. பழைய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப்பின் விசிறி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. ஒயரின் மறுமுனையில் என் கடை மானிட்டர் வெளுத்தது. பிறகு நிறம் வந்தது. மருமகள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த முறையும் தானாகப் பழையதிலேயே எழுந்திருக்கும்படி சொல்லிவைத்து, ஒரு தடவை அணைத்துப் போட்டும் பார்த்தேன். எழுந்தது.

ஆட்டோ கிடையாது. நடக்க வேண்டும். நான் கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டேன். அங்கே போனதும் மறுபடி அது ஊமையாகிவிட்டால் என்ன செய்வார்கள்? உச்சி வெயில். செருப்பில்லாத கூட்டத்தோடு கூட்டமாக, துண்டில் சுற்றிய லேப்டாப்பை மருமகள் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பெரியவர் குடையை எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை, லேப்டாப்புக்குப் பிடித்தார். ஊர் வந்ததும், “பாதி கிரிவலம் ஆச்சு. புண்ணியம் உனக்குக் கொஞ்சம், மிஷினுக்குக் கொஞ்சம்” என்றார்.

பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். பொறியாளர் விடியற்காலையிலிருந்து நின்று களைத்தவர்; சுருட்டிய வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தபடி இருந்தார். ஒயரைச் செருகினேன். சுவரில் நீலமாக ‘சிக்னல் இல்லை’ என்று விழுந்தது. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. பிறகு மலை வந்தது.

ஊர்க்காரர்கள் வாழ்நாளெல்லாம் கீழேயிருந்து பார்த்த மலையை அன்று மேலேயிருந்து பார்த்தார்கள். மருமகள் மழையைப் பெய்யவிட்டார். சரிவில் நூல் நூலாக நீர் இறங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓடையைத் தானே தேடிப் பிடித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “இப்போ வேப்பமரத்தாண்ட வளையும் பாரு” என்றார். வளைந்தது. “டேய், வளையுதுடா!” என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். ஏரி மெதுவாக நிறைந்தது.

பிறகு மருமகள் மைதானத்துக்கான மண்ணை அதே இடத்தில் வைத்து, அதே மழையைத் திரும்பப் பெய்யவிட்டார். மண்மேட்டில் முட்டிய நீர் கொஞ்சம் நின்றது. பின் இடதுபக்கம் திரும்பி, நாங்கள் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்தது. ஏரி காய்ந்து கிடந்தது.

பொறியாளர் எழுந்து சுவருக்குக் கிட்டே போனார். அவர் நிழல் மலையின்மேல் விழுந்தது.

“ஓரமா நில்லுங்க சார், தண்ணி மறைக்குது!” என்று கத்தினார்கள். அவர் நிஜமாகவே பயந்துபோய் ஒதுங்கினார்.

ஒதுங்கி நின்று நெடுநேரம் பார்த்தார். “ஏம்மா, இந்த மேட்டைக் கெழக்கால தள்ளி வெச்சு ஒரு தடவ பெய்ய விடுங்க” என்றார். விட்டார். நீர் தன் வழியில் ஏரிக்குப் போனது. அவர் வரைபடத்தைப் பெஞ்சின்மேல் விரித்து, பென்சிலால் பழைய கோட்டின்மேல் அழுத்தி அடித்து, கிழக்கே புதிதாக ஒன்று போட்டார். “திங்கக்கெழம மண்ணு வராது. நான் மேல எழுதுறேன். இந்தப் படத்தை எனக்கு ஒரு பென் டிரைவ்ல குடுங்க.”

மறுநாள் கூட்டம் கலைந்து நெட் வந்தபின், வராமல் போன கோப்புகளை மருமகளே இறக்கிக்கொண்டார். டிரைவர் புதுக் கர்னலுக்குத் தன்னைத் தானே தைத்துக்கொண்டதாம். போனில் சொன்னார்.

மைதானம் கிழக்கே தள்ளித்தான் வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, விடாமல் பெய்துகொண்டிருந்தபோது பெரியவர் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

“கேக்குதா? நம்ம ஓடைதான். அன்னைக்குச் செவுத்துல காட்டின மாதிரியே, வேப்பமரத்தாண்ட அதே வளைவு. உடனே வாப்பா. மிஷினையும் கொட்டாய்ல கொண்டாந்து வெச்சிருக்கேன், அதுவும் ஒரு தடவ பாத்துக்கட்டும்.”