எங்களுக்குக் கிடைக்காத மண்டபம்

இங்கிலாந்தின் இந்த லெஸ்டர் நகரில் அண்டை வீட்டாரிடம் வெயிலையும் மழையையும் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று சட்டம் இருப்பதாகவே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு டோரிஸ் அம்மாள் ஒரு காலை அதை மீறினார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போன என்னிடம், "உங்கள் மண்டபத்துக்குப் புது பெயின்ட் அடிக்கிறார்களே, உங்களுக்கென்ன குறை!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மண்டபத்தைப் பார்த்து லெஸ்டரிலேயே அதிகம் பொறாமைப்படுகிறவன் நான்தான்.

நகரத்தின் நெரிசலான தெருக்களில் குடியேறிய மக்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. தெருமுனையில் பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை அந்தப் பணத்தில் புதுப்பித்து, மண்டபமாக்கிக் குஜராத்திகளுக்குக் கொடுத்தார்கள். உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு நேற்று வந்தவர்கள். அவர்களுக்குத் தையல் மிஷின், ஹீட்டர், பெண்களுக்கு ஆங்கில வகுப்பு, நவராத்திரிக்குக் கோலாட்டம். எனக்குத் தெரிந்து இங்கே தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு யார் மண்டபம் கொடுப்பார்கள்? நான் ஆலைக்குப் போன பிறகு என் மனைவி வள்ளி உப்பு டப்பாவோடு பேசிக்கொண்டிருப்பாள். ஊத்துக்கோட்டைச் சந்தையில் நாலு பேரை ஒரே சமயத்தில் பேச்சில் மடக்கியவள், இங்கே குரலே அடங்கிப் போனாள். "அந்த மண்டபத்துக்கு ஒரு நாளு போய்ட்டு வர்ட்டா?" என்று கேட்டாள். "அது அவங்களுது. கூப்டாம போய் நிக்கிறதா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

இந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானதுதான். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சர்க்கார் மனை கொடுத்தபோது, சொந்தமாக நெல் நிலம் இருந்த என் அப்பா வரப்பில் நின்று கத்தினார்: "எங்கியோ இருந்து வந்தவனுக்கு ஊடு கட்டிக் குடுக்கிறான். இங்கியே கெடக்கிற நமக்கு இன்னா குட்தான்?" வந்தவர்களும் தமிழர்கள்தான். அப்பாவுக்கு அவர்கள் கடைசிவரை பர்மாக்காரர்கள்.

அன்று காலை டோரிஸ் அம்மாள் அதோடு நிறுத்தவில்லை. "என் வீட்டுக்காரர் யுத்தத்துக்குப் போனவர். எங்கள் கூரை ஒழுகுகிறது, கேட்க நாதியில்லை. வந்தவர்களுக்கு மண்டபம்!" நான் குஜராத்தி இல்லை, அந்த வாசற்படியைக்கூட மிதித்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் பேச்சை ஆங்கிலத்தில், அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லக் கேட்டதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

"ஆமாம், எங்களுடையதுதான்" என்றேன். அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

திரும்பினால் வாசலில் வள்ளி. "நம்முதா? அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ நாளா என்னை ஊட்லியே குந்த வெச்சிக்கினு இருந்தே?"

"சும்மா சொன்னேன்டி. பேஜாரு பண்ணாதே."

"சொன்னது சொன்னதுதான்" என்றாள். மறுநாளே ஒரு டப்பா முறுக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது சில மாதங்களாக ஆலை முடிந்து அவளை அழைத்துவரப் போகிறேன். பெண்கள் வகுப்பு என்பதால் ஆண்களுக்கு உள்ளே இடமில்லை; நடைபாதையில்தான் நிற்க வேண்டும். நேற்று கடைப் பையோடு அந்த வழியாக வந்த டோரிஸ் அம்மாள், "உங்களுடையதுதானே, ஏன் குளிரில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். சுவரோரம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டேன். இருவரும் வெளிச்சமான அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே வள்ளி குஜராத்தியில் ஏதோ சொல்ல, மண்டபமே சிரித்தது. அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.