சுடுதண்ணித் தொட்டியில் ஒரு லைட் கம்ப்ளைண்ட்

கொல்லிமலையில வயரிங் வேலை பார்க்கிறவனுக்கு ரெண்டே எதிரிங்க. ஒண்ணு வோல்டேஜ், இன்னொண்ணு பாறை. சாயங்காலமானா வோல்டேஜ் படுத்துக்கும். கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்க எர்த் குழி தோண்டலாம்னா முழங்கால் ஆழத்துலயே கடப்பாரை டங்குன்னு நிக்கும். இந்த ரெண்டோடயும் மல்லுக்கட்டியே என் காலம் போச்சு. இப்ப வேலைக்கு வர்ற தம்பிங்க, மறக்க முடியாத கம்ப்ளைண்ட் எதுன்னு கேட்பாங்க. நான் கம்பத்துல இருந்து விழுந்த கதையைச் சொல்லுவேன்னு நினைப்பாங்க. அதெல்லாம் மறந்து போச்சு. குமரேசன் தொட்டி லைட்டைத்தான் மறக்க முடியலை.

கம்ப்ளைண்ட்

ரெண்டாயிரத்து ரெண்டோ மூணோ இருக்கும். ஐப்பசி மழை பிடிச்சிருந்துச்சு. செம்மேட்டுல என் கடைக்கு ராசப்பண்ணன் நனைஞ்சுக்கிட்டே வந்தார். அடிவாரத்து விவசாயி, மலை மேல குண்டனி நாட்டுப் பக்கம் மிளகுத் தோட்டமும் ஊடும் இருந்துச்சு. ஒரே மகன் குமரேசன். மரவள்ளி லோடு ஏத்திக்கிட்டு மலை இறங்கறப்ப லாரி கவுந்து முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. சுடுதண்ணியில உக்கார வெச்சு காலை நீவி விடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க.

அண்ணன் சும்மா இருப்பாரா? எங்கயோ இடிச்சுப் போட்ட லாட்ஜுல இருந்து பழைய ஹாட் டப் ஒண்ணைப் பிடிச்சு, ஊட்டுக்குப் பின்னால தகர ஷெட் போட்டு இறக்கிட்டார். ஹீட்டர், பம்பு, பிடிச்சுக்க எவர்சில்வர் கம்பி, தண்ணிக்குள்ள நீல லைட்டுன்னு எல்லாம் அதுலயே இருந்துச்சு. ஊர்ல அதுக்குச் சுடுதண்ணித் தொட்டின்னு பேரு.

அந்த லைட்டு மினுக்கு மினுக்குங்குது, சில நாள் எரியறதே இல்லை, உடனே வரணும்னார். எனக்குக் கோபம் வந்துச்சு. கொட்டுற மழையில ஒரு பல்புக்காக ஓடணுமா, நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னேன். மனுஷன் நகரலை.

"லைட்டு எரிஞ்சாத்தானுங்க பையனுக்குக் கால்ல உணர்ச்சி வருது. சுருக்கு சுருக்குங்குதாம். மழை பிடிச்சதுல இருந்து இன்னும் நல்லாத் தெரியுதாமுங்க."

சொல்றப்பவே அவர் கண்ணு கலங்கிருச்சு. அவ்வளவு சந்தோஷம். கரண்டு வேலை பார்க்கிற எவனுக்கும் அதைக் கேட்டா வேற ஒண்ணுதான் தோணும். பையன் இப்ப எங்கன்னு கேட்டேன். அவனை இறக்கத்தான் அம்மாக்காரி தண்ணி சூடு பண்ணிக்கிட்டு இருக்காள்னார். கடையை அப்படியே சாத்திட்டு அவர் வண்டியிலயே ஏறிட்டேன்.

பார்த்தது

நாங்க போறப்ப குமரேசன் துண்டைப் போத்திக்கிட்டுத் தொட்டி ஓரத்துல நாற்காலியில இருந்தான். அம்மா செல்லம்மாக்கா காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தாங்க. நான் யாரையும் விசாரிக்காம ஓடிப்போய் மெயினை அணைச்சேன். "தண்ணி ஆறிப் போயிருமுங்களே தம்பி"ன்னாங்க அக்கா. ஆறட்டும்னேன்.

போர்டைத் திறந்தா ட்ரிப் சுவிட்சைக் காணோம். கரண்டு தப்பு வழியில கசிஞ்சா தானா விழற சுவிட்ச் அது. அதைக் கழட்டிட்டு ரெண்டு துண்டு ஒயரை வெச்சு நேரா போட்டிருந்துச்சு. அண்ணன் வேலைதான். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் நிக்கலைன்னா குச்சியை வெச்சு முட்டுக் கொடுக்கிறது நம்ம விவசாயிங்க எல்லாருக்கும் கைவந்த கலை. இது சும்மா சும்மா விழுந்துச்சு, குச்சிக்கும் மசியலை, அதான் நேரா போட்டேன்னார். உசுரைக் காக்க வெச்சதை முட்டாள்தனமாப் பிடுங்கிப் போட்டிருக்கீங்களேன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்.

எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மெயினைப் போட்டேன். மீட்டர் ஒயரை ஒண்ணு தண்ணியில, ஒண்ணு எவர்சில்வர் கம்பியில வெச்சதும் முள்ளு எகிறுச்சு. லைட்டுக்குக் கரண்டைக் குறைச்சுக் கொடுக்கிற ட்ரான்ஸ்பார்மர் ஈரம் ஏறி உள்ளே கெட்டுப் போய், மெயின் கரண்டு லைட்டு வழியாத் தண்ணிக்குள்ள கசிஞ்சிருக்கு. கம்பி எர்த்துல சேர்ந்திருக்கு. பையன் தண்ணியில உக்கார்ந்து கம்பியைப் பிடிச்சா, கரண்டுக்கு அவன்தான் வழி. இடுப்புக்கு மேல சுருக்குன்னதையும் கால் துடிச்சதையும் சேர்த்து, கால்லயே உணர்ச்சி வந்திருச்சுன்னு நம்பியிருக்கான். அம்மா பலகை மேல ரப்பர் செருப்போட நின்னு நீவி விட்டதால அவங்களுக்கு ஒண்ணும் தெரியலை.

பாறைப் பூமி, எர்த் குழி காஞ்சு கிடந்து சரியாப் பிடிக்கலை, கரண்டு லேசாத்தான் பாஞ்சிருக்கு. அதனாலதான் பையன் உசுரோட இருந்தான். மழையில மண்ணு நனைய நனைய கரண்டு கூடிக்கிட்டே வந்திருக்கு. குணமாகுதுன்னு ஊடே குளிர்ந்திருக்கு. தம்பிங்களா, லைட்டு எரியலைன்னு கூப்பிட்டாலும் தண்ணியில கை வெச்சா சுருக்குங்குதான்னு மொதல்ல கேளுங்க.

ஷெட்டுக்குப் பின்னால

அக்கா எனக்கு டீ வெக்க உள்ளே போனாங்க. அண்ணனை ஷெட்டுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன். அவருக்கு மொதல்ல புரியலை. கால் கட்டைவிரல் துடிச்சுதே, நானே என் கண்ணால பார்த்தேனேன்னார். பள்ளிக்கூடத்துல செத்த தவளைக் காலைக் கரண்டு விட்டுத் துடிக்க வெச்சது எனக்கு ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, வாயை மூடிக்கிட்டேன். அது கரண்டு பண்ணினதுண்ணா, கால் பண்ணினது இல்லைன்னு மட்டும் சொன்னேன்.

நனைஞ்ச கல்லு மேல உக்கார்ந்துட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டார்.

"ஏனுங்க, உசுருக்கு ஆபத்தில்லாம, அதை லேசா விட்டு வெக்க முடியாதுங்களா? அவங்கம்மா தாங்கமாட்டாளுங்க."

அவ்வளவு கத்தினவன் நான், அவர் பக்கத்துலயே குத்த வெச்சு உக்கார்ந்தேன். முடியாதுங்கண்ணான்னேன். சரிங்கன்னு தலையாட்டினார். நாங்க பேசின இடத்துக்கும் குமரேசன் இருந்த இடத்துக்கும் நடுவுல ஒரு தகரம்தான். அது அப்ப எனக்கு உறைக்கலை.

அடுத்த நாள் புது ட்ரான்ஸ்பார்மர் மாட்டினேன். லைட்டுக்குள்ள தண்ணி புகாம இருக்க ரப்பர் வாசர் மாத்தி, ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். பாறை இல்லாத இடமாத் தேடி, உப்பும் கரியும் கொட்டி வேற எர்த் குழி எடுத்தேன். மீட்டர் முள்ளு அசையலை. என் கையைத் தண்ணியில விட்டு, இன்னொரு கையால கம்பியைப் பிடிச்சும் பார்த்தேன். லைட்டு துளி மினுக்கல் இல்லாம நீலமா நின்னு எரிஞ்சுச்சு. என் வேலையில அப்படி ஒரு சுத்தமான வேலை. ஆனா பார்க்கவே பிடிக்கலை.

நானும் அண்ணனும் குமரேசனைத் தூக்கித் தண்ணியில இறக்கினோம். அவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டான். செல்லம்மாக்கா அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"கண்ணு, தெரியுதா சாமி?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். எல்லாம் கேட்டிருக்கான்னு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு.

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது"ன்னான்.

அண்ணன் விருட்டுன்னு வெளிய போயிட்டார். அக்கா எண்ணெய்க் கையோட என்னைக் கும்பிட்டாங்க. கைராசிக்காரருங்க நீங்கன்னாங்க. "எல்லாம் சரியாயிருச்சுங்களா தம்பி?"

"லைட்டு சரியாயிருச்சுங்கக்கா"ன்னேன்.

அன்னையில இருந்து வேலை முடிஞ்சு கிளம்பறப்ப எந்த ஊட்டுலயும் எல்லாம் சரியாயிருச்சுன்னு நான் சொன்னதில்லை. பம்பைப் பார்த்தா பம்பு சரியாயிருச்சும்பேன், லைட்டைப் பார்த்தா லைட்டு சரியாயிருச்சும்பேன். நம்மால ஆனது அவ்வளவுதான், தம்பிங்களா.