ஜெசிந்தா அக்கா பார்த்த ஊமைப்படங்கள்

ஜெசிந்தா அக்கா இன்று காலையில் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அவர் மகன் போன் செய்தான். தொண்டையில் வந்த அதே கட்டி... இந்த முறை விடவில்லை.

ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் நானும் அவரும் ஒரே ஷெட். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. உதட்டசைவும் கைச்சாடையும்தான் எங்கள் மில் பாஷை. மாமியார் சண்டையில் இருந்து மகள் கல்யாணம் வரை எல்லாவற்றையும் அப்படியே பேசித் தீர்த்திருக்கிறோம்.

மில் வேனிலும் பக்கத்துப் பக்கத்து சீட். அக்காவின் போனில் எப்போதும் ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். வாய் அசையும், சத்தம் வராது. ஸ்பீக்கர் போய்விட்டது, கடையில் கொடுங்கள் என்று நானும் பார்க்கிற போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, இது ஊமைப்படம். படத்துலயே சத்தம் கெடையாது. இந்த வேன் எரைச்சலுக்கு இதுதான் தோது," என்றார்.

தவக்காலத்தில் மாதா கோயிலில் ஒரு ஊமைப்படம் போட்டார்களாம். அன்று பிடித்த கிறுக்கு.

சத்தமில்லாமல் மூன்று மணி நேரமா... அதற்குத் தூங்கிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். ஒரு நாள் வேன் பஞ்சராகி ரோட்டோரம் நின்றது. வேறு வழியில்லாமல் எட்டிப் பார்த்தேன்.

மலை மாதிரி ஒரு கோட்டைச் சுவர். அதில் ஏணி வைத்து ஏறுகிறார்கள்... நூறு பேரா ஆயிரம் பேரா, எண்ண முடியவில்லை. யானை, தேர், தீப்பந்தம். கிராஃபிக்ஸ் எல்லாம் வராத காலம். அத்தனை பேரும் நிஜ ஆட்கள், அந்தச் சுவரும் நிஜமாகவே கட்டியது. உள்ளங்கை அளவு ஸ்கிரீனில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டயர் மாற்றி வேன் கிளம்பியதுகூடத் தெரியவில்லை.

அதற்கப்புறம் எனக்கும் அதே பைத்தியம். நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்தை நாங்கள் படித்ததே இல்லை. யார் கெஞ்சுகிறார், யார் பொய் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவோம்.

அக்கா ராஜா ராணியைப் பார்க்கவே மாட்டார். "கூட்டத்தப் பாருட்டி. அந்தா கடைசியில ஒருத்தி நிக்கா, எம்புட்டு நெசமா அழுவுதா பாரு," என்பார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பிறகுதான் அந்தக் கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிர் தப்பும், குரல் போய்விடும் என்றார் டாக்டர். அக்கா மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை. வேனில்கூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டேதான் வருவார்.

"பேச்சு போனா போகுதுட்டி, நமக்கு ஒதடு போதும். பாட்ட நெனச்சாத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கழுத்தில் டியூப். எழுதிக் காட்டச் சொல்லி மகன் பேப்பரும் பேனாவும் வைத்திருந்தான். அக்கா அதைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"படம் இருக்கா?"

போட்டேன். சிறைப்பட்ட சனங்கள் விடுதலையாகிக் கோட்டை வாசல் வழியே வெளியே வருகிற காட்சி. ஸ்கிரீன் கொள்ளாத கூட்டம். எல்லாரும் வாய் திறந்து பாடிக்கொண்டே வருகிறார்கள்... ஒரு சத்தம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் அக்காவும் பாடிக்கொண்டிருந்தார்.

உதட்டைப் பார்த்ததும் என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. வேனில் தினமும் கேட்ட கோயில் பாட்டு. ஒரு வரி விடாமல், அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து முழுசாகப் பாடி முடித்தார். அவ்வளவு பெரிய பாட்டை என் ஆயுசில் நான் கேட்டதில்லை.

நாளை அடக்கம். கோயிலில் எல்லாரும் சத்தமாகப் பாடுவார்கள். நான் நம் மில் பாஷையில் பாடுகிறேன்.

போயிட்டு வாங்கக்கா.